கலெக்டருக்கு ஒரு மிஷின்

கோவில்பட்டியில் கடை வைத்திருக்கிறவனுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள். வந்ததும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. ஆண்ட்ரூஸ் இன்னொரு வகை. அந்த இன்னொரு வகையில் அவர் ஒருவர்தான் இருக்கிறார். என் உயிரை வாங்க அந்த ஒருவரே போதும்.

என் பெயர் சௌந்தரபாண்டியன். மிக்சி, ஃபேன், அயர்ன் பாக்ஸ், தாடி டிரிம்மர் எல்லாம் விற்கிற கடை என்னுடையது. ஆண்ட்ரூஸ் எட்டயபுரம் ரோட்டில் சோளத்தட்டை வியாபாரம் பார்க்கிறார். ஓட்டப்பிடாரம், எப்போதும்வென்றான் பக்கத்துக் காடுகளில் அறுவடை முடிந்ததும் தட்டையை லாரியில் ஏற்றி வந்து, வீட்டை ஒட்டிப் போர் மாதிரிப் படப்பாக அடுக்கி வைத்து, மாடு வளர்க்கிறவர்களுக்கு விற்பார். அறுபதைத் தாண்டியவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இருந்தாலும் கடைக்குள் கால் வைத்தால் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதைக்கு மயங்கித்தான் நான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறேன்.

அவரிடம் ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளையும் தன் உடம்பில் பரீட்சை பண்ணாமல் வாங்க மாட்டார். கடலை மிட்டாய் வாங்கக் கிளம்பினால் கடை கடையாக ருசி பார்ப்பார். கடைசிக் கடைக்கு வரும்போது வயிறு நிறைந்திருக்கும், இன்னொரு நாள் வாரேன் என்று திரும்பிவிடுவார். ஊர் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற இடத்தில் பிறந்து வளர்ந்தும், தீப்பெட்டி வாங்கும்போது ஒரு குச்சியைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். பாய் வாங்கப் போய்க் கடையிலேயே விரித்துப் படுத்து, கடைக்காரர் எழுப்புகிறவரை தூங்கியிருக்கிறார்.

பெண் பார்த்த விஷயத்தை அவர் மனைவி எஸ்தர்ராணி அக்காவே சொல்வார்கள். முதல் தடவை வந்தவர் காபி குடித்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டாவது தடவையும் வந்து காபி குடித்தார். மூன்றாவது தடவை அக்கா டம்ளரைக் கையில் கொடுக்கவில்லை. "காப்பியக் கட்டிக்கிடப் போறீங்களா, என்னயக் கட்டிக்கிடப் போறீங்களா?" என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகுதான் கல்யாணம் நடந்தது.

இந்த மனிதர் வாழ்நாளில் யோசிக்காமல் வாங்கிய ஒரே உயிர் கலெக்டர்.

கலெக்டர் அவருடைய குதிரை. வெள்ளைக் குதிரை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும். அது தெருவில் வந்தால் எல்லோரும் ஒதுங்கி நின்றதால் யாரோ அப்படிப் பெயர் வைத்தார்கள். கோயில் கல்யாணம், வேதக்கோயில் என்று நாங்கள் சொல்கிற சர்ச் கல்யாணம் என்று பேதம் பார்க்காது. இந்த வட்டாரத்தில் பாதி மாப்பிள்ளைகள் கலெக்டர் முதுகில் உட்கார்ந்து போய்த்தான் குடும்பஸ்தன் ஆனார்கள். காதருகே பேண்டு முழங்கினாலும், காலருகே சரவெடி வெடித்தாலும், அது முன்னங்காலைத் தூக்கி நின்று மாப்பிள்ளையைவிட மிடுக்காகப் போஸ் கொடுக்கும்.

ஆண்ட்ரூஸ் அதை 'அவிய', அதாவது அவர்கள், என்று மரியாதையாகத்தான் சொல்வார். ஒரு நாள் என் கடையில் நின்றுகொண்டு போனில் சத்தமாக, "கலெக்டர் இன்னும் மண்ணுலதான் புரளுதாவளா? கொஞ்சம் தண்ணி ஊத்தி எழுப்பி விடு" என்றார். இஸ்திரிப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்த தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்குப் போன வியாபாரம் போனதுதான்.

கலெக்டருக்கு வயதாகிவிட்டது என்று ஊர்வலத்தை நிறுத்தினார். பிறகு படப்புக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் அதற்கு ஓய்வு வாழ்க்கை. போன வருஷம் அதன் முடி உதிரவில்லை. உதிராததோடு நிற்காமல் வளர்ந்தது. வயிற்றிலும் காலிலும் சுருள் சுருளாகத் தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பளி போர்த்திய மாதிரி இருந்தது. வெயிலில் ஐந்து நிமிஷம் நின்றால் மூச்சு வாங்கியது.

கால்நடை டாக்டர் உமாதேவி வந்து பார்த்தார். வயதான குதிரைகளுக்கு வருகிற நோய்தான், மாத்திரை தருகிறேன், ஆனால் மாத்திரை வேலை செய்கிறவரை வெயில் காத்திருக்காது என்றார். உடம்பு முழுக்க முடியை எடுத்துவிட வேண்டும். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் எடுக்க வேண்டும். இந்த முடியோடு கத்திரியில் நின்றால் கலெக்டர் பிழைப்பது சந்தேகம் என்று மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஆண்ட்ரூஸ் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே புதிதாக ஒரு டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைக்கூடக் காட்டிப் பார்க்கவில்லை. நானே ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். எஸ்தர்ராணி அக்காவின் தையல் கத்திரிக்கோலால் காலையிலிருந்து வெட்டியதில் ஒரு தோசை அகலத்துக்குத்தான் முடி போயிருக்கிறதாம். குதிரைக்கு முடி வெட்டுகிற மிஷின் வேண்டும் என்றார்.

அண்டாவும் குண்டாவும் விற்கிறவனிடம் விமானம் கேட்ட மாதிரிதான். ஆனாலும் தெரியாது என்று சொல்கிற பழக்கம் என் பரம்பரையிலேயே கிடையாது. இருக்கிறதில் பெரிய தாடி டிரிம்மரை எடுத்துக் கொடுத்தேன். பிளக்கில் சொருகியதும் என்ன செய்கிறார் என்று நான் பார்ப்பதற்குள் மீசையில் இடது பாதியை இழுத்துவிட்டார். நன்றாக வெட்டுகிறது என்று சொல்லி, வலது பாதியோடு கிளம்பிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கலெக்டர் காலம் பூராவும் கரிசல் மண்ணில் புரள்கிறவர். முடிக்கு அடியில் இருந்த மண் டிரிம்மருக்குள் புகுந்து, இரண்டே இழுப்பில் அது வாயை மூடிக்கொண்டது.

இனி முறையாகச் செய்வோம் என்று கோயம்புத்தூர் ஏஜென்சிக்குப் போன் போட்டேன். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற பேச்சில் இரண்டு மிஷின்கள் பார்சலில் வந்தன. ஒன்று சார்ஜ் போடுகிற மிஷின், கைக்கு அடக்கமானது. சத்தம் இருக்காது, சூடாகாது, அதிராது என்று அட்டையில் போட்டிருந்தது. இன்னொன்று வயரோடு வந்த கனத்த மிஷின். செம்மறி ஆட்டு மந்தைக்கு முடி எடுப்பதற்காகச் செய்தது. ஸ்விட்சைப் போட்டதும் மாவு மில் ஓடுகிற சத்தம். ஷோகேஸ் கண்ணாடி ஆடியதில் ஒரு சுவர்க் கடிகாரம் விழுந்துவிட்டது.

ஆண்ட்ரூஸ் இரண்டையும் பரீட்சை பண்ண உட்கார்ந்தார். பெரிய மிஷினைத் தொடையில் வைத்தார், பல் ஆடுகிறது என்று உடனே எடுத்துவிட்டார். சின்ன மிஷினைக் கன்னத்தில் வைத்தார், காதோரம் வைத்தார். பிறகு சட்டைப் பித்தானைக் கழற்றி நெஞ்சில் ஒரு பாதை போட்டார். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் வந்த இரண்டு பெண்கள் வாசலோடு திரும்பினார்கள்.

"சத்தமே இல்ல அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம பிரசங்கம் கேக்குத மாதிரி இருக்கு, தூக்கம் வருது" என்றார்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. குதிரை மிரளும், சத்தமில்லாததுதான் அதற்கு நல்லது என்று பெரிய விவரக்காரன் மாதிரி நானும் சேர்ந்து சொன்னேன். வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டு அவர் கூடவே போனேன். என் கெட்ட நேரம் அங்கேதான் ஆரம்பித்தது.

கலெக்டரைக் குளிப்பாட்டி, மண்ணெல்லாம் போகத் தேய்த்துக் காய வைத்திருந்தார்கள். ஆண்ட்ரூஸ் மிஷினை ஓடவிட்டுக் கழுத்துக்குக் கொண்டுபோனார். கலெக்டரின் காது ஒரு தடவை துடித்தது. அவ்வளவுதான். கயிற்றை அறுத்து, படப்பில் பாதியைச் சரித்து, என் செருப்பை மிதித்துக்கொண்டு ரோட்டில் இறங்கி ஓடியது. உடம்பு முடியாத குதிரைக்கு அந்த ஓட்டம் எங்கிருந்து வந்ததோ. யார் வீட்டுக் களத்திலோ காய்ந்துகொண்டிருந்த உளுந்தின் நடுவில், நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றதைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தோம். களத்துக்காரர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

டாக்டர் உமாதேவியிடம் போனில் கேட்டோம். காதருகே மெல்ல ரீங்காரம் கேட்டால் குதிரை ஈயோ குளவியோ என்று பயப்படும் என்றார். நான் அதைக் கேட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அப்படியானால் இதைவிடச் சத்தம் குறைந்த மிஷின் வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஒருமனதாக முடிவெடுத்தோம். அதையும் வரவழைத்தேன். ஆண்ட்ரூஸ் அதை நெஞ்சின் மறுபக்கத்தில் ஓட்டிப் பார்த்து மெச்சினார். அதன் சத்தம் கலெக்டருக்கே கேட்கவில்லை. தோலில் பட்ட பிறகுதான் தெரிந்தது. இந்தத் தடவை உதை வாளிக்கு விழுந்தது, வாளி எனக்கு விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தால் நிற்காது. "உம்ம நெஞ்சுக்கு வாங்குதீரா, குதிரைக்கு வாங்குதீரா வே?" என்று அவர் வயதைக்கூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. பாதி மீசையும் இரண்டு பாதை போட்ட நெஞ்சுமாக நின்று, "எனக்கு நல்லாத்தான அண்ணாச்சி இருந்துச்சு" என்றார்.

எஸ்தர்ராணி அக்கா சாக்கை நனைத்துக் கலெக்டர் முதுகில் போட்டுக்கொண்டிருந்தார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் சாக்கு காய்ந்துபோகும், மறுபடி நனைப்பார்கள். அவர் சாப்பிட்டு இரண்டு நாளாச்சு தம்பி, இது தீவனம் தின்னா நானும் தின்னுதேன்னு உக்காந்திருக்காவ என்று என்னிடம் மெல்லச் சொன்னார்கள். கத்தியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல் நானும் ஒரு சாக்கை எடுத்து நனைத்தேன்.

ஈஸ்டர் முடிந்து கல்யாண சீசன். மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் மரத்தடியில் முழித்துக்கொண்டு நின்றபோது, ரோட்டில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. இப்போது மாப்பிள்ளைகள் திறந்த ஜீப்பில்தான் வருகிறார்கள். முன்னால் இசக்கியின் பேண்டு செட். கலெக்டரோடு பல வருஷம் நடந்த அதே இசக்கி. டிரம் முழங்கியதும் கலெக்டர் தலையைத் தூக்கியது. காது முன்னால் வந்தது. முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு சிலையாக நின்றது.

ஆண்ட்ரூஸ் கையில் மிஷின் இருந்தது. காதிலிருந்து தோள்வரை ஒரே இழுப்பு. முடி பொத்தென்று விழுந்தது. கலெக்டர் அசையவில்லை. அடுத்த இழுப்புக்குள் ஊர்வலம் தெரு திரும்பிவிட்டது, சத்தம் குறைந்தது, கலெக்டர் மறுபடி படப்பைச் சரித்தது.

எனக்குப் பொறி தட்டியது. இசக்கிக்குப் போன் பண்ணி, முடி வெட்டும்போது கொஞ்சம் வாசிக்க முடியுமா என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. இசக்கி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கலெக்டருக்கு வாசிக்கிறதுக்கு எங்களைக் கூப்பிடவா செய்யணும் என்று சொல்லி, கத்திரி தொடங்குவதற்கு முந்தின நாள் காலையில் எல்லோரும் சிவப்புக் கோட்டோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

பேண்டு தொடங்கியது. கலெக்டர் காலைத் தூக்கியது. ஆனால் தலையை இங்கும் அங்கும் திருப்பி எதையோ தேடியது. ஆண்ட்ரூஸுக்குப் புரிந்துவிட்டது. ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்குப் போடுகிற மாலை மாதிரியே கலெக்டருக்கும் ஒன்று போடுவார்கள். மாலை வராமல் அவிய நிக்க மாட்டாவ என்றார். மாலை வந்தது. குதிரைக்குப் போட்டால் மிஷினில் பூ மாட்டும். அதன் கண்ணுக்கு எதிரில், மூக்குக்கு எட்டுகிற தூரத்தில் மாலை இருந்தால் போதும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கலெக்டருக்கு நேர் எதிரில் நின்றவன் நான்.

ஆக, காலை வேளையில், எட்டயபுரம் ரோட்டில், ஐம்பது வயதில், வெள்ளை வேட்டியும் கழுத்தில் ரோஜா மாலையுமாக, பேண்டு வாத்தியத்துக்கும் குதிரைக்கும் நடுவில் நின்றேன். ரோட்டில் போகிறவர்கள் நிற்காமல் என்ன செய்வார்கள்? முதலில் ஒரு ஆச்சி ஆரத்தித் தட்டோடு வந்து மூன்று சுற்று சுற்றி என் நெற்றியில் பொட்டு வைத்தார். யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பெண் எந்த ஊர் என்று ஒருவர் கேட்டது பேண்டு சத்தத்தில் சரியாகக் கேட்காமல் நான் தலையை ஆட்டினேன். இன்னொருவர், என் கடையில் மிக்சி வாங்கியவர், என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்ப் போனில் பேசினார்.

அதற்குள் ஆண்ட்ரூஸ் கலெக்டரின் இடது பக்கத்தை முடித்திருந்தார். கழுத்து, வயிறு, கால் எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. வலது பக்கத்துக்கு மாறியபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது என் மனைவி சுந்தரேஸ்வரி.

அவள் முகத்தைப் பார்த்ததும் இசக்கி, "ஏலே, நிறுத்துங்கல" என்றார். பேண்டு நின்றது. அதே நேரத்தில் சார்ஜ் தீர்ந்து மிஷினும் நின்றது. கோவில்பட்டியில் அப்படி ஒரு அமைதியை நான் அனுபவித்ததில்லை.

"பொண்ணு எங்க?" என்றாள் சுந்தரேஸ்வரி.

நான் கலெக்டரைக் கை காட்டினேன். கலெக்டர் கழுத்தை நீட்டி என் மாலையிலிருந்து ஒரு ரோஜாவைக் கடித்துத் தின்றது. நடந்ததையெல்லாம் எஸ்தர்ராணி அக்காதான் விளக்கினார்கள். சுந்தரேஸ்வரி கேட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, கோபத்தை விடவும் இல்லை.

ஆனால் எங்கள் பாடு அதோடு முடியவில்லை. இசக்கிக்குக் குளத்தூரில் ஒரு கல்யாணம் இருந்தது, கிளம்பியே ஆக வேண்டும். முதலில் வந்த சின்ன மிஷினைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது, இந்த மிஷின் சார்ஜ் ஏற மத்தியானமாகும். கலெக்டர் இடது பக்கம் மொட்டை, வலது பக்கம் கம்பளி. விடிந்தால் கத்திரி. பேண்டு வேன் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு ஆண்ட்ரூஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சுவரோரம் அட்டைப்பெட்டியில் அந்த ஆட்டு மிஷின் இருந்தது. ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்புவதற்காக நான் வண்டியில் கொண்டு வந்திருந்தேன். சுந்தரேஸ்வரி அதை எடுத்து, "அப்ப இது எதுக்கு இருக்கு?" என்றாள். அது சத்தம் போடும், குதிரை ஓடிவிடும், உனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் தொடங்கியதுதான் தப்பு. ஏற்கெனவே என் மேல் கடுப்பில் இருந்தவள், விறுவிறுவென்று போய் எஸ்தர்ராணி அக்காவின் மிக்சி பிளக்கைப் பிடுங்கிவிட்டு இந்த வயரைச் சொருகி ஸ்விட்சைத் தட்டினாள்.

மாவு மில் ஓடத் தொடங்கியது. மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. நான் கயிற்றை விட்டுவிட்டு எகிறிக் குதித்தேன். கலெக்டர் ஓடவில்லை. தலையை நிமிர்த்தி, காதை முன்னால் கொண்டுவந்து, முன்னங்காலை மடக்கித் தூக்கியது.

ஆண்ட்ரூஸ் எழுந்து வந்து மிஷினை வாங்கினார். அதைப் பிடித்திருந்த கையும் தோளும் தாடையும் ஆடின. கலெக்டர் ஆடவில்லை. கொஞ்ச நேரத்தில் அதற்குக் கண் சொருகியது, கீழுதடு தொங்கியது, நின்றபடியே தூங்கிப்போனது. பிறந்ததிலிருந்து கொட்டும் வெடியும் கேட்டு வளர்ந்த ஜீவனுக்கு அதுதான் தாலாட்டு. நாங்கள் அதை எங்கள் காதால் யோசித்துக்கொண்டிருந்தோம். மாலையைக் கழற்ற மறந்து நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எல்லாம் முடிந்து மிஷினை நிறுத்தியபோது முடி ஒரு குவியலாகக் கிடந்தது. அதற்குள்ளிருந்து வெளியே வந்த கலெக்டர் ரொம்பச் சின்னக் குதிரை. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆண்ட்ரூஸ் உள்ளங்கையை அதன் மேல் வைத்துத் தடவினார். "இம்புட்டு மெலிஞ்சா போயிட்டிய? முடிக்குள்ள மறைச்சு வச்சிருந்தியளே" என்று சொல்லி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. சுந்தரேஸ்வரி என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கலெக்டருக்குத் தின்னக் கொடுத்தாள்.

கத்திரி வந்தது, கொளுத்தியது, போனது. கலெக்டர் வேப்பமரத்தடியில் கொள்ளு தின்றுகொண்டு இருந்தது. ஆண்ட்ரூஸும் சாப்பிட்டார். மீசை இரண்டு பக்கமும் சமமாக வளர்ந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் விடிவு வரவில்லை. பஜாரில் நடந்தால் மாப்பிள்ளை எப்படி இருக்கீங்க என்று கேட்கிறார்கள்.

அந்த முடி மறுபடி வளர்கிற முடி. அதனால் நாலைந்து வாரத்துக்கு ஒரு தடவை நான் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போகிறேன், கயிறு பிடிக்க. போன தடவை ஆண்ட்ரூஸ் வழக்கம்போல மிஷினைத் தன் கையில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். சத்தம் கேட்டதுமே, மரத்தடியில் படுத்திருந்த கலெக்டர் தானே எழுந்து, கால் தடுமாறிச் சமாளித்து, எங்கள் எதிரில் வந்து காலைத் தூக்கி நின்றது. எலும்பும் தோலுமாக இருந்தாலும் அந்த மிடுக்கு அப்படியே இருந்தது.

முடி வெட்டுவதற்கு இப்படி ஓடி வருகிற குதிரையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று நான் கேட்டேன்.

ஆண்ட்ரூஸ் பதறிப்போய் என் வாயைப் பொத்தினார். மிஷின் சத்தத்துக்கு மேலே என் காதில் வாயை வைத்துச் சொன்னார்:

"முடி வெட்டன்னு சொல்லிராதீங்க அண்ணாச்சி. அவிய கல்யாணத்துக்குக் கெளம்புதோம்னு நெனச்சிக்கிட்டு நிக்காவ."